களத்து மேட்டில் முதல் மரக்கால் யாருக்கு?

(படப்பையில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பகல் ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி நேரே இங்கு வந்தவர்கள் பாதிப் பேர். நடவு முடித்துக் கால் சேற்றைக் கழுவிவிட்டு வந்தவர்கள் மீதிப் பேர். எல்லோருக்கும் வீட்டில் வேலை காத்திருக்கிறது. ஆகவே அலங்காரப் பேச்சு வேண்டாம். நேரே விஷயத்துக்கு வருவோம்.

சில மாதங்களுக்கு முன்னால் ஒரகடம் ரஸ்தாவிலிருந்து பத்துப் பன்னிரண்டு தொழிலாளர்கள் நம்மைத் தேடி வந்தார்கள். பெரிய கம்பெனிகளுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கும் ஒரு சிறு கம்பெனியின் ஆட்கள். பெயர் இங்கே முக்கியமில்லை. அப்படிப்பட்ட கம்பெனி ஒன்று மட்டும் அல்ல. "வாசலில் பூட்டுத் தொங்குகிறது. மூன்று மாதச் சம்பளம் பாக்கி. மானேஜரைக் கேட்டால், 'பாங்கியில் பணம் இருக்கிறது, கணக்கை முடக்கிவிட்டார்கள், நான் என்ன செய்ய?' என்கிறார். பணம் இருக்கிறதாம், ஆனால் கிடையாதாம். இது என்ன நியாயம், தோழர்?" என்று கேட்டார்கள்.

நாம் அவர்களைக் கேட்ட முதல் கேள்வி: "பேப்பரில் விளம்பரம் வந்ததா?" யாருக்கும் தெரியவில்லை. டீக்கடைக்குப் போய்ப் பழைய பேப்பர்க் கட்டைப் பிரித்துப் புரட்டினோம். இருபத்திரண்டு நாளைக்கு முந்திய பேப்பரில், உள்பக்கத்தில், பொடி எழுத்தில் அது இருந்தது. கம்பெனி திவால் நடவடிக்கைக்குப் போய்விட்டது. பாக்கி வரவேண்டியவர்கள் இன்ன தேதிக்குள் மனுக் கொடுக்க வேண்டும் என்று விளம்பரம். அந்தத் தேதி கடந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது!

அந்தத் தொழிலாளர்களின் கதி என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறோம். முதலில் அவர்கள் கேட்ட கேள்விக்கு நாம் எல்லோரும் விடை தெரிந்துகொள்ள வேண்டும். கம்பெனி கவிழ்ந்தால் பாங்கியில் முடங்கிய பணம் யாருக்குப் போகிறது? அதில் நம் பங்கு எங்கே இருக்கிறது?

கடன் கொடுத்தவன் யார்?

மளிகைக் கடையில் அரிசி பருப்புக் கடனுக்கு வாங்குகிறோம். கடைக்காரர் நோட்டில் எழுதிக்கொள்கிறார். அவர் கடன் கொடுத்தவர், நாம் கடன்பட்டவர். இது எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் ஒன்றாம் தேதியிலிருந்து முப்பதாம் தேதி வரை உழைத்துவிட்டு, அடுத்த மாதம் ஏழாம் தேதி சம்பளம் வாங்குகிறோமே, அதற்கு என்ன பெயர்? அத்தனை நாளும் நம் உழைப்பைக் கம்பெனிக்குக் கடனாகக் கொடுத்திருக்கிறோம் என்றுதானே பெயர்! அதுவும் எப்படிப்பட்ட கடன்? வட்டி இல்லாத கடன். ஈடு இல்லாத கடன். கையெழுத்து இல்லாத கடன். பாங்கி கடன் கொடுத்தால் நிலத்தை எழுதி வாங்கும், மிஷினை எழுதி வாங்கும், முதலாளியின் சொந்த ஜாமீனும் கேட்கும். தொழிலாளி எதையும் எழுதி வாங்குவதில்லை. மாதா மாதம் நம்பிக் கொடுக்கிறான்.

"நாங்கள் கூலிக்காரர்கள்தானே, கடன் கொடுத்தவர்களா?" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2016ஆம் ஆண்டில் வந்த திவால் சட்டம் கடன் கொடுத்தவர்களை இரண்டு வகையாகப் பிரிக்கிறது. பணத்தைக் கடனாகக் கொடுத்தவர்கள் ஒரு வகை. அது பாங்கியும் நிதிக் கம்பெனியும். சரக்குக் கொடுத்தவர்கள், வேலை செய்து கொடுத்தவர்கள் மறு வகை. சம்பளப் பாக்கி உள்ள தொழிலாளி இந்த இரண்டாம் வகையில் சேர்ந்தவன். ஆகவே தோழர்களே, கம்பெனி திவாலாகும்போது நாம் வாசலில் நின்று கருணை கேட்கும் ஆட்கள் அல்ல. பாக்கியைக் கேட்டு வாங்கும் பாத்தியதை உள்ளவர்கள்.

பூட்டுகள் எத்தனை?

"மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்" என்று ஊரில் சொல்வார்கள். ஒரு தனி மனிதன் கடனைக் கட்ட முடியாது என்று கோர்ட்டில் கைவிரித்தால் அப்படிச் சொல்வது வழக்கம். கம்பெனி கைவிரித்தால் அது கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகிறது. நம் பக்கத்து வழக்குகளுக்கு அதன் சென்னைப் பிரிவு இருக்கிறது.

பாங்கிக் கணக்கு முடங்குவது பல விதம். வரி பாக்கிக்காக வரி இலாகா ஜப்தி செய்யலாம். வேறொரு கடனுக்காகக் கோர்ட்டு ஜப்தி செய்யலாம். மூன்றாவது, தீர்ப்பாயம் திவால் மனுவை ஏற்றுக்கொண்ட உடனே வருகிற தடைக்காலம். அன்றிலிருந்து யாரும் கம்பெனி மீது புதிதாக வழக்குப் போட முடியாது, பழைய வழக்கை நடத்த முடியாது, ஜப்தி செய்ய முடியாது, ஈடு வைத்த சொத்தைப் பாங்கி எடுத்துக்கொள்ளவும் முடியாது. பழைய டைரக்டர்களின் அதிகாரம் போய்விடுகிறது. தீர்ப்பாயம் நியமித்த நிர்வாகி சொன்னால்தான் பாங்கி கணக்கிலிருந்து பணம் வெளியே வரும். மானேஜர் "நான் என்ன செய்ய?" என்றாரே, அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது உண்மை.

ஒரு பூட்டுக்கும் இன்னொரு பூட்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. வரி இலாகாவின் பூட்டு சர்க்காரின் பாக்கிக்காக மட்டும் போட்ட பூட்டு. தடைக்காலப் பூட்டு எல்லோருடைய பாக்கிக்குமாகப் போட்டது. முதல் வகைப் பூட்டு என்ன செய்யும் என்பதற்கு நாம் தொலைவில் போய்த் தேட வேண்டாம்.

ஸ்ரீபெரும்புதூர் சொன்ன பாடம்

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியாவை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். 2006இல் உற்பத்தி ஆரம்பித்தது. சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்தும் தொலைதூர ஜில்லாக்களிலிருந்தும் வாலிபர்களும் இளம் பெண்களும் ஆயிரக்கணக்கில் வேலைக்குச் சேர்ந்தார்கள். 2013 ஜனவரியில் வருமான வரி அதிகாரிகள் சோதனை போட்டார்கள். போனுக்குள் ஏற்றும் மென்பொருளுக்காக பின்லாந்திலுள்ள தாய்க் கம்பெனிக்கு அனுப்பிய பணத்தில் வரி பிடித்தம் செய்யவில்லை என்று சொல்லி, சுமார் 2,000 கோடி ரூபாய் கேட்டார்கள். அந்த வருஷம் செப்டம்பரில், தன் போன் வியாபாரத்தை மைக்ரோசாப்டுக்கு விற்கப் போவதாக நோக்கியா அறிவித்தது. வரி இலாகா இந்தியாவிலுள்ள சொத்துக்களை முடக்கியது. வழக்கு டில்லி ஹைகோர்ட்டுக்கும், 2014 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டுக்கும் போயிற்று. பெருந்தொகைக்கு ஜாமீன் கொடுத்தால்தான் ஆலையைக் கைமாற்றலாம் என்ற நிபந்தனை நிலைத்தது. 2014 ஏப்ரலில் ஸ்ரீபெரும்புதூர் ஆலையை விட்டுவிட்டு மற்ற வியாபாரம் கைமாறிவிட்டது!

பிறகு நடந்தது என்ன? ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விருப்ப ஓய்வு என்ற பெயரில் பணம் வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள். எஞ்சிய சுமார் 850 பேரோடு 2014 நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தி நின்றது. வரித் தகராறு 2018இல் தீர்ந்தது. 2020இல் அந்த இடத்தில் சால்காம்ப் என்ற இன்னொரு கம்பெனி சார்ஜர் செய்ய ஆரம்பித்தது.

வரி கொடுக்க வேண்டியவன் கொடுக்கத்தான் வேண்டும். சர்க்கார் வரி கேட்டது தப்பு என்று நாம் சொல்லவில்லை. நோக்கியா திவாலாகவும் இல்லை. ஆனால் கவனியுங்கள்: சர்க்காரின் பாக்கிக்கு ஒரு பூட்டு இருந்தது. கடைசியில் அந்தப் பாக்கி பைசலும் ஆயிற்று. வாங்குகிறவனுக்கு ஒப்பந்தம் இருந்தது. அவன் வேண்டியதை எடுத்துக்கொண்டு வேண்டாததை விட்டுவிட்டான். இருபத்தைந்து வயதில் வேலை இழந்தவனுக்கு என்ன பூட்டு இருந்தது? சொத்து முடங்குவது வேறு, நம் பாக்கிக்காகச் சொத்து முடங்குவது வேறு. இந்த வித்தியாசத்தை மறக்கக்கூடாது.

நெல் அளக்கும் வரிசை

இனி, திவாலான கம்பெனியைக் காப்பாற்ற முடியாமல் கலைத்து விற்கும்போது பணம் எப்படிப் பங்காகிறது என்று பார்ப்போம். விவசாயத் தொழிலாளர்களுக்கு இது புரியாத விஷயமே அல்ல. அறுவடை முடிந்து நெல் களத்து மேட்டில் குவிந்திருக்கிறது. அறுப்புக் கூலி அளக்க வேண்டும், போரடித்த கூலி அளக்க வேண்டும், கடன் கொடுத்தவன் சாக்கோடு நிற்கிறான். முதல் மரக்கால் யாருக்கு என்பதில்தான் சண்டையே. களத்தில் கூலி அளந்து வாங்காமல் நெல்லை வீட்டுக்கு ஏற்றிவிட்டால் அப்புறம் பண்ணை வீட்டு வாசலில் எத்தனை நாள் நிற்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும்.

திவால் சட்டத்தின் 53ஆவது பிரிவு இந்த அளக்கும் வரிசையைச் சொல்கிறது. முதலில் திவால் நடவடிக்கையின் செலவு. இரண்டாவது படியில் இருவர் சமமாக நிற்கிறார்கள்: கலைப்புக்கு முந்திய 24 மாதத்துக்கான தொழிலாளர் பாக்கி ஒன்று, ஈடு வாங்கிக் கடன் கொடுத்துவிட்டு, அந்த ஈட்டைப் பொதுக் குவியலில் விட்டுக்கொடுத்த பாங்கியின் பாக்கி மற்றொன்று. மூன்றாவது, தொழிலாளி என்ற வரையறைக்குள் வராத மற்ற ஊழியர்களின் 12 மாதப் பாக்கி. நான்காவது, ஈடு இல்லாமல் பணம் கடன் கொடுத்தவர்கள். அதற்கும் கீழே சர்க்காரின் பாக்கி. கடைசியில் பங்குதாரர்கள்.

இரண்டாவது படி நல்ல இடம்தான். ஆனால் அதிலே ஒரு சூட்சுமம் இருக்கிறது. கணக்குப் போட்டுக் காட்டுகிறோம். இது விளங்குவதற்காகச் சொல்லும் கணக்கு. கம்பெனியை விற்று 10 கோடி ரூபாய் வந்தது என்று வையுங்கள். செலவு 1 கோடி. மீதி 9 கோடி. தொழிலாளர் பாக்கி 2 கோடி, பாங்கிக் கடன் 16 கோடி, ஆக 18 கோடி. 9 கோடியைப் 18 கோடிக்குப் பகிர்ந்தால் ரூபாய்க்கு எட்டணா. தொழிலாளருக்கு 1 கோடி, பாங்கிக்கு 8 கோடி.

இப்போது, தொழிலாளரில் பாதிப் பேர் மனுப் போடவில்லை என்று வையுங்கள். தொழிலாளர் பாக்கி 1 கோடி என்றுதான் கணக்கில் ஏறும். 9 கோடியை 17 கோடிக்குப் பகிர்வார்கள். தொழிலாளருக்குக் கிடைப்பது சுமார் 53 லட்சம். மீதி 47 லட்சம் எங்கே போயிற்று? காற்றில் போகவில்லை, தோழர்களே. அது பாங்கியின் மரக்காலில் விழுந்தது! மனுப் போடாதவனின் கூலியை யாரும் திருடவில்லை. அவன் களத்தில் நிற்காததால் பக்கத்தில் நின்றவனுக்கு அளந்துவிட்டார்கள்.

இன்னொரு சங்கதியும் உண்டு. ஈட்டை விட்டுக்கொடுக்க விருப்பமில்லாத பாங்கி அதைத் தனியே விற்று எடுத்துக்கொண்டு ஒதுங்கவும் சட்டம் இடம் தருகிறது. பழைய கம்பெனிச் சட்டத்தில் அப்படி ஒதுங்கும் ஈட்டின் மீதும் தொழிலாளருக்குப் பங்கு இருந்தது. அந்தப் பாதுகாப்பைத் திரும்பக் கேட்டு மோசர் பேயர் கம்பெனித் தொழிலாளர் சங்கம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 2023 மே 2ஆம் தேதி கோர்ட்டு அந்தக் கோரிக்கையை ஏற்க மறுத்துவிட்டது. நமக்குப் பாதகமான தீர்ப்பையும் நாம் தெரிந்துதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

குவியலில் சேராத நெல்

ஆனால் விதைநெல்லை யாரும் குவியலில் கொட்டுவதில்லை அல்லவா? அதுபோல, பிராவிடண்டு பண்டு, பென்ஷன் நிதி, கிராஜுவிட்டி நிதி ஆகியவை கம்பெனியின் சொத்தில் சேரா என்று சட்டத்தின் 36ஆவது பிரிவு சொல்கிறது. அவற்றைப் பாங்கியோடு பங்கு போட வேண்டியதில்லை. 2019 ஆகஸ்டில் மோசர் பேயர் தொழிலாளர் வழக்கில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இதை உறுதி செய்தது. ஏபிஜி கப்பல் தளத் தொழிலாளர் வழக்கில் 2022 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டும் இதையே சொன்னது. கிராஜுவிட்டிக்குத் தனி நிதி வைக்காத கம்பெனியாக இருந்தால் வாதாடித்தான் பெற வேண்டியிருக்கும். ஆகவே அதைக் கேட்காமல் விடக்கூடாது.

அந்த 2022 தீர்ப்பில் இன்னொரு விஷயமும் உண்டு. திவால் நடவடிக்கை நடக்கும் மாதங்களில் கம்பெனி உண்மையில் ஓடி, தொழிலாளி உண்மையில் வேலை செய்திருந்தால்தான் அந்த மாதச் சம்பளம் முதல் படியான செலவுக் கணக்கில் சேரும். ஆகவே அந்த நாட்களில் வேலைக்குப் போனவன் வருகைப் பதிவுக்குச் சாட்சி வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த இடம் எப்படிக் கிடைத்தது?

இரண்டாவது படியில் தொழிலாளிக்கு இடம் கிடைத்தது யாருடைய தயவினாலும் அல்ல. கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியின் பங்குதாரர்களுக்குள் தகராறு வந்து, கம்பெனியைக் கலைக்கச் சொல்லி சென்னை ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். "எங்கள் பிழைப்பு போகிறதே, எங்களையும் கேளுங்கள்" என்று தொழிற்சங்கம் கோர்ட்டு வாசலில் நின்றது. "இது முதலாளிகளுக்கும் கடன் கொடுத்தவர்களுக்கும் உள்ள விவகாரம், உங்களுக்கு இங்கே என்ன வேலை?" என்பதுதான் அதுவரை இருந்த நியாயம். தேசிய பஞ்சாலைத் தொழிலாளர் சங்கம் சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 1982 டிசம்பரில் ஐந்து நீதிபதிகளில் மூவர், நீதிபதி பகவதி உள்ளிட்டோர், கம்பெனியைக் கலைக்கும் வழக்கில் தொழிலாளர் தரப்பைக் கேட்டே ஆகவேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள். இரண்டு பேர் மாறுபட்டார்கள். 1985இல் கம்பெனிச் சட்டம் திருத்தப்பட்டு, தொழிலாளர் பாக்கியும் ஈடு வாங்கிய பாங்கியின் பாக்கியும் சமம் என்று ஆயிற்று.

ஆனாலும் 2016 சட்டத்தில் நமக்கு ஒரு பெரிய குறை இருக்கிறது. கம்பெனியை யாருக்கு விற்பது, என்ன விலைக்கு விற்பது, எந்தப் பாக்கியை எவ்வளவு குறைப்பது என்பதை எல்லாம் கடன் கொடுத்தோர் கமிட்டி தீர்மானிக்கிறது. அந்தக் கமிட்டியில் ஓட்டு, பணம் கடன் கொடுத்தவர்களுக்குத்தான். உழைப்பைக் கடன் கொடுத்தவனுக்கு ஓட்டு இல்லை. நம்முடைய வகையினரின் மொத்தப் பாக்கி கடனில் பத்தில் ஒரு பங்காவது இருந்தால் ஒரு பிரதிநிதி உட்கார்ந்து கேட்கலாம். கை தூக்க முடியாது. பாங்கி இழப்பது ஒரு கடன். தொழிலாளி இழப்பது பிழைப்பு. பிழைப்பை இழப்பவனுக்கு ஓட்டு இல்லை என்பது மாற்றப்பட வேண்டிய விதி.

கம்பெனி மீது திவால் மனுவை நாமே போடவும் வழி உண்டு. முதலில் 1 லட்சம் ரூபாய் பாக்கி இருந்தால் போதும் என்று இருந்தது. 2020 மார்ச்சில் அதை 1 கோடியாக உயர்த்திவிட்டார்கள். எந்தத் தனித் தொழிலாளிக்கு 1 கோடி பாக்கி இருக்கும்? இங்கேதான் சங்கம் தேவைப்படுகிறது. கான்பூர் ஜே.கே. சணல் ஆலைத் தொழிலாளர் வழக்கில் 2019 ஏப்ரலில், தொழிற்சங்கம் தன் உறுப்பினர்கள் எல்லோருக்குமாக மனுப் போடலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. நூறு பேரின் பாக்கியைச் சேர்த்தால் கோடியை எட்டலாம். நடவடிக்கை ஆரம்பித்தபின் பாக்கி கேட்டு மனுக் கொடுப்பதற்கு இந்த 1 கோடி வரம்பு கிடையாது. ஆயிரம் ரூபாய் பாக்கி உள்ளவனும் கொடுக்கலாம்.

கரும்பு வெட்டியவனும் பாங்கியில் போட்டவனும்

"இது ஆலைக்காரர்கள் விவகாரம், எங்களுக்கு என்ன?" என்று வயலில் வேலை செய்யும் தோழர்கள் கேட்கலாம். தஞ்சை ஜில்லா திருமண்டங்குடியைக் கேளுங்கள், சொல்லும். அங்கே திரு ஆரூரான் சர்க்கரை ஆலை திவால் நடவடிக்கைக்குப் போய், தீர்ப்பாயத்தின் வழியாகக் கால்ஸ் என்ற கம்பெனியின் கைக்கு மாறியது. கரும்புக் கிரயப் பாக்கியை முழுதாகக் கொடு, பழைய நிர்வாகம் எங்கள் பெயரில் பாங்கிகளில் வாங்கிய கடனைத் தீர் என்று கேட்டு, 2022 நவம்பர் 30 முதல் விவசாயிகள் ஆலை முன்னால் உட்கார்ந்தார்கள். ஒரு வருஷத்துக்கு மேலும் உட்கார்ந்திருந்தார்கள். கரும்பு கொடுத்த விவசாயியும் சட்டத்தின் முன் இரண்டாம் வகைக் கடன் கொடுத்தவனே. அவனுக்கு வராத பணத்தில்தான் கரும்பு வெட்டியவனின் கூலியும் இருந்தது. அந்த வெட்டுக் கூலிக்காரன் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆலை கவிழ்ந்தால் கடைசி அடி வயலில்தான் விழுகிறது.

பாங்கியே கவிழ்ந்தால்? அப்போது பணம் போட்டிருக்கும் நாம்தான் கடன் கொடுத்தவர்கள். 1906 அக்டோபர் 22ஆம் தேதி சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி கதவைச் சாத்தியது. அதில் பணம் போட்டிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவில் நின்றன. சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. போட்டவர்களின் பணம் முழுதாகத் திரும்பவில்லை. 1960இல் கேரளத்தில் பாலை சென்ட்ரல் பாங்கி மூழ்கிய பிறகுதான், 1962இல் டெபாசிட்டுக்கு இன்ஷூரன்ஸ் வந்தது; அன்று வரம்பு 1,500 ரூபாய். 2020 பிப்ரவரியில் அது 5 லட்சம் ஆயிற்று. அதே வருஷம் நவம்பர் 17இல் கரூர் லட்சுமி விலாஸ் பாங்கிக்குத் தடை போட்டார்கள். யாரும் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக்கூடாது என்றார்கள். பத்து நாளில் அது டி.பி.எஸ். பாங்கியோடு இணைக்கப்பட்டு, போட்டவர்களுக்குப் பணம் தப்பியது. ஆகவே சேமிப்பை இன்ஷூரன்ஸ் உள்ள பாங்கியில் போடுங்கள். அதிக வட்டி என்று ஆசை காட்டும் சீட்டுக் கம்பெனிக்கு இந்த இன்ஷூரன்ஸ் கிடையாது.

நாம் செய்ய வேண்டியது

ஒன்று: சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, வேலை உத்தரவு, சம்பளம் ஏறிய பாங்கி பாஸ்புக் ஆகியவற்றை வீட்டில் பத்திரமாக வையுங்கள். சம்பளச் சீட்டு போனில் மட்டும் வந்தால் அச்செடுத்து வையுங்கள். கம்பெனி மூடினால் அந்தக் கணக்கும் மூடிவிடும்.

இரண்டு: பிராவிடண்டு பண்டில் மாதா மாதம் பணம் ஏறுகிறதா என்று பாருங்கள். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாத கம்பெனி கவிழப் போகும் கம்பெனி. சம்பளம் இரண்டு தவணையாக வர ஆரம்பித்தாலும் அதுவே அறிகுறி.

மூன்று: நிர்வாகி நியமனமான மூன்று நாளுக்குள் ஒரு இங்கிலீஷ் பேப்பரிலும் ஒரு தமிழ்ப் பேப்பரிலும் விளம்பரம் வரவேண்டும். நியமனத்திலிருந்து 14 நாள்தான் மனுவுக்குக் கெடு. தனித் தொழிலாளிக்கு 'டி' பாரம். எல்லோருக்குமாக ஒரு பிரதிநிதி கொடுப்பதற்கு 'இ' பாரம். பேப்பர் படிக்க ஷிப்டுக்கு ஒருவரைச் சங்கம் நியமிக்க வேண்டும். இது சிறிய வேலை அல்ல.

நான்கு: பாக்கி என்றால் சம்பளம் மட்டும் அல்ல. ஓவர்டைம், போனஸ், லீவுச் சம்பளம், கிராஜுவிட்டி எல்லாவற்றையும் கணக்கில் எழுதுங்கள்.

ஐந்து: காண்டிராக்டு தொழிலாளர்கள் தங்கள் காண்டிராக்டர் பெயரையும், எந்தக் கம்பெனிக்குள் வேலை செய்தோம் என்பதையும் எழுதி வைக்க வேண்டும். காண்டிராக்டர் கூலி தராவிட்டால் பிரதான முதலாளி தரவேண்டும் என்று 1970ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டத்திலும் அந்தப் பொறுப்பு இருக்கிறது.

ஆறு: 'எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன்' என்ற காகிதத்தில் பணம் கைக்கு வராமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அந்தத் தொழிலாளர்கள்

ஆரம்பத்தில் சொன்ன தொழிலாளர்களின் கதிக்கு வருவோம். கெடு கடந்தாலும் தாமத மனுவுக்கு விதிகளில் கொஞ்சம் இடம் இருந்தது. மூன்று இரவு உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் கணக்குப் போட்டோம். சீட்டு உள்ளவர்களின் மனு ஏறியது. பாஸ்புக் மட்டும் உள்ளவர்களிடம் மேலும் ருசு கேட்டார்கள், கொடுத்தோம். நிரந்தரத் தொழிலாளர்கள் அநேகமாக எல்லோர் பெயரும் பட்டியலில் ஏறிவிட்டது. பணம் இன்னும் வரவில்லை. வரும்போது முழுதாக வரும் என்று நாம் பொய் சொல்லத் தயாரில்லை. ஆனால் களத்தில் அவர்கள் மரக்காலோடு நிற்கிறார்கள்.

காண்டிராக்டில் இருந்தவர்களிடம் ஒரு துண்டுக் காகிதம் கூட இல்லை. கூலி கையில் கொடுக்கப்பட்டது. அதில் ஒரு அம்மாள், மணிமங்கலம் பக்கம், நான்கு வருஷம் அங்கே கூட்டிப் பெருக்கியவர். "நான் அங்கே வேலை செய்ததை அந்தக் கம்பெனி வாசற்படியைக் கேளுங்கள், சொல்லும்" என்றார். வாசற்படியின் சாட்சியத்தை எந்த அதிகாரி ஏற்பான்? அவருக்காகவும் அவரோடு இருந்தவர்களுக்காகவும் நிரந்தரத் தொழிலாளர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்த விவகாரம் நடக்கிறது. நாம் அதை விடப்போவதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை இதே இடத்தில் நான்கு தோழர்கள் நோட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் சம்பளச் சீட்டு, பாஸ்புக், கார்டு எது இருக்கிறதோ அதைக் கொண்டு வாருங்கள். எதுவும் இல்லாதவர்கள் முதலில் வாருங்கள். கம்பெனி நன்றாக ஓடுகிறது, நமக்கு எதற்கு என்று இருந்துவிடாதீர்கள். மரக்காலை அறுவடைக்கு முன்பே எடுத்து வைப்பதுதான் வழக்கம்.